ஐம்பது ரூபாய் வாக்கா, எல்லோருக்கும் வாக்கா: 1928இல் இலங்கை முன் இருந்த வழிகள்

1931இல் இலங்கையில் எல்லோருக்கும் வாக்கைக் கொண்டுவந்தது டொனமூர் அரசியல் யாப்பு. பள்ளிக்கூடத்தில் அது எங்களுக்கு ஒரு பட்டியலாக வந்து சேர்ந்தது. சிறப்பியல்புகள் ஆறு, குறைபாடுகள் ஐந்து. சோதனைக்கு முதல்நாள் இரவு பாடமாக்கி, மறுநாள் தாளில் இறக்கிவைத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது. அந்த யாப்பைச் சிபாரிசு செய்த பிரித்தானிய ஆணைக்குழு வேறு என்ன செய்திருக்கலாம் என்று ஆசிரியர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சர்வசன வாக்குரிமை ஏதோ பருவமழை போலத் தன்பாட்டில் வந்து பெய்தது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

1927 நவம்பரில் கொழும்புக்கு வந்து, இரண்டு மாதம் சாட்சியம் கேட்டுவிட்டுத் திரும்பிய நால்வர் முன் பல வழிகள் இருந்தன. டொனமூர் பிரபு, முன்னாள் ஆளுநர் மத்தியூ நேதன், கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஜெஃப்ரி பட்லர், தொழிற்கட்சியைச் சேர்ந்த மருத்துவர் ட்ரமண்ட் ஷீல்ஸ். 1928 ஜூலையில் வெளிவந்த அவர்களது அறிக்கை ஒரு வழியை எடுத்தது, மற்றவற்றை ஒதுக்கியது. ஒதுக்கியவற்றையும் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர்கள் எடுத்தது ஒரு முடிவு என்று நாம் பேசுகிறோம். உண்மையில் அது இரண்டு முடிவு. ஒன்று சரி, மற்றது தவறு. இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒரே பொட்டலமாகக் கொடுத்துவிட்டார்கள்.

அவர்கள் வந்தபோது இருந்த நிலை இது. 1924ஆம் ஆண்டில் ஆளுநர் மனிங் காலத்தில் வந்த சீர்திருத்தப்படி சட்டநிரூபண சபையில் 49 பேர். உத்தியோகத்தர், அதாவது அரசாங்க அதிகாரிகள், 12. உத்தியோகப்பற்றற்றோர் 37, அவர்களில் 23 பேர் பிரதேசவாரியாகவும் 11 பேர் இனவாரியாகவும் தெரிவானார்கள், மூவர் நியமனம். ஆக, சபையில் பெரும்பான்மை மக்கள் பிரதிநிதிகளிடம். ஆனால் ஆட்சி முழுவதும் உத்தியோகத்தரிடம். பிரதிநிதிகள் வரவுசெலவுத் திட்டத்தை வெட்டலாம், திணைக்களத் தலைவர்களை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கலாம். ஒரு திணைக்களத்தையும் தாங்களே நடத்த முடியாது. அடுப்படிக்குள் கால் வைக்காமல் உப்புக் கூட, புளி குறைய என்று சொல்லிக்கொண்டிருக்கும் உரிமை. அதிகாரம் இருக்கிறது, பொறுப்பு இல்லை என்பதே இந்த ஏற்பாட்டின் நோய் என்று ஆணைக்குழு சரியாகவே கண்டது. வாக்காளர் தொகையோ சுமார் இரண்டு லட்சம். சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர்.

முதலாவது வழி, இருக்கிற ஏணியில் இன்னொரு படி வைப்பது. இலங்கை அரசியல்வாதிகளில் பெரும்பாலோர் விரும்பியது இதைத்தான். இலங்கைத் தேசிய காங்கிரஸ் மாதம் ஐம்பது ரூபாயாவது சம்பாதிப்பவருக்கு வாக்கு என்ற எல்லைக்கு மேல் போக விரும்பவில்லை. இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை உண்டு: படித்தவன், சொத்துள்ளவன் நிதானமாக யோசித்து வாக்களிப்பான், பாமரன் சாதியையும் சமயத்தையும் பார்ப்பான்.

இந்த நம்பிக்கை பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துப் பார்க்கப்பட்டதுதான் வேடிக்கை. ஆளுநர் மக்கலம் காலத்துச் சீர்திருத்தத்தின்படி, தீவு முழுவதற்குமாகப் ‘படித்த இலங்கையர்’ ஆசனம் ஒன்று உருவானது. 1911 டிசம்பரில் தேர்தல். வாக்காளர் சுமார் மூவாயிரம் பேர். ஆங்கிலம் படித்த வழக்கறிஞரும் மருத்துவரும் தோட்ட உரிமையாளரும் உத்தியோகத்தரும். நாட்டின் மிக மெலிந்த, மிக மினுக்கான வாக்காளர் இடாப்பு அது. போட்டியிட்டவர்கள் பொன்னம்பலம் இராமநாதனும் டொக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவும். இராமநாதன் வென்றார். சிங்களவர் தமிழருக்கு வாக்களித்தார்கள் என்று இன்றும் இதை ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. சற்று உள்ளே போய்ப் பார்த்தால், கராவ சாதியைச் சேர்ந்த சிங்களவர் ஒருவரை அனுப்புவதைவிட வெள்ளாளத் தமிழர் ஒருவரை அனுப்புவது மேல் என்று சிங்களவரில் வேளாளரை ஒத்த கொவிகம சாதி வாக்காளரில் ஒரு பகுதியினர் கருதினார்கள். பட்டம், சட்டம், மேல்நாட்டு உடுப்பு எல்லாம் இருந்தும் இடாப்புக்குள் சாதி போய் உட்கார்ந்துகொண்டது. ஐம்பது ரூபாய்க்காரரின் நிதானம் என்ற வாதம் எனக்கு அன்றோடு முடிந்துவிட்டது.

இந்த வழியின் பெரிய குறை வேறு. அடுத்த படியை எப்போது வைப்பது என்பதை முன்பே ஏறிவிட்டவர்கள்தான் முடிவுசெய்வார்கள். கூலி, தொழிலாளர் சட்டம், ஏழைப் பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றில் அந்தச் சபைக்கு அவசரமே இருக்கவில்லை. வாக்கு இல்லாதவனின் வயிற்றுப்பாடு சபைக்கு ஏன் உறைக்க வேண்டும்? ஆணைக்குழு இதை நேராகவே சொன்னது. வாக்குக் கொடுத்தால்தான் சமூகச் சட்டம் வரும். சமூகச் சட்டம் வந்து சனங்கள் தேறிய பிறகு வாக்குக் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் இரண்டும் வராது. அவர்கள் எழுதியதில் மிகக் கூர்மையான இடம் இது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வழி, இனவாரி ஆசனங்களை வைத்துக்கொள்வது, வேண்டுமானால் கூட்டுவது. 1833இல் ஒரு தமிழர், ஒரு பறங்கியர் (ஐரோப்பியக் கலப்பு வம்சாவளியினர்), ஒரு கரையோரச் சிங்களவர் என்று நியமனத்தில் தொடங்கிய பழக்கம் இது. 1924இல் ஐரோப்பியருக்கு மூன்று, முஸ்லிம்களுக்கு மூன்று, பறங்கியருக்கு இரண்டு, இந்தியருக்கு இரண்டு, மேல் மாகாணத் தமிழருக்கு ஒன்று என்று வந்து நின்றது.

அந்தக் கடைசி ஒன்றுக்குப் பின்னால் ஒரு முறிவு இருக்கிறது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். கொழும்பில் தமிழருக்கு ஓர் ஆசனம் உறுதி என்ற வாக்கை நம்பித்தான் தமிழர்களைக் காங்கிரஸுக்குள் அழைத்து வந்தார். நேரம் வந்தபோது வாக்குக் கொடுத்தவர்கள் அது தனிப்பட்டவர்கள் கொடுத்தது, காங்கிரஸைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். 1921இல் அவர் வெளியேறினார். ஓர் ஆசனத்துக்காகவா என்று கேட்கலாம். அவருக்கு அது கொடுத்த சொல்.

ஆகவே இனவாரி ஆசனத்தைக் கேட்டவர்களை வெறும் இனவாதிகள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏற்பாட்டில் சிறு சமூகத்தின் குரல் சபையில் கேட்கும் என்பது உறுதி. ஆனால் குரல் மட்டும்தான். முஸ்லிம் உறுப்பினருக்குச் சிங்களவரின் வாக்குத் தேவையில்லை. சிங்கள உறுப்பினருக்கு முஸ்லிமின் வாக்குத் தேவையில்லை. ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிக்க வேண்டிய அவசியமே வராது. அரசியல் உடம்பைத் தின்னும் புற்று என்று ஆணைக்குழு இதைச் சொன்னது. சொல் கடுமை, கருத்தை மறுப்பது கடினம்.

இதே பையில் வேறு ஒரு சரக்கும் கிடந்தது: வர்த்தகர் சங்கத்துக்கும் கரையோர விளைபொருளாளர் சங்கத்துக்கும் தனி ஆசனம். 1920ஆம் ஆண்டுச் சபையில் இவை இருந்தன. தொழில்வாரி ஆசனம் எப்படி வேர்விடும் என்பதற்கு ஹொங்கொங்கைப் பார்க்கலாம். அங்கே பிரித்தானியர் 1985இல்தான் சட்டசபைக்குத் தேர்தலை நுழைத்தார்கள்; அதுவும் மறைமுகமாக, 12 ஆசனம் தொழிற்றொகுதிகளுக்கு, 12 தேர்வுக் குழுவுக்கு. நேரடித் தேர்தல் 1991 வரை வரவில்லை, வந்தபோதும் 60இல் 18 ஆசனத்துக்கு மட்டும். கொடி மாறிய பின்னும் தொழிற்றொகுதிகள் போகவில்லை. 2021இல் மாற்றியமைத்த 90 பேர் சபையிலும் அவற்றுக்கு 30 ஆசனம். மக்கள் நேரே தெரிவுசெய்வது 20. ஏறிப் போவதற்கென்று வைத்த படியில் பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள்.

மூன்றாவது வழி பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. சென்னை மாகாணத்தில் 1920 முதல் இரட்டையாட்சி. நிலவரி, நகராட்சி வரி கட்டுவோருக்கு வாக்கு. சனத்தொகையில் நூற்றுக்கு மூன்று பேர் என்ற கணக்கு. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் தெரிவான அமைச்சர்களுக்கு. நிதி, காவல், நிலவரி, பாசனம் ஆளுநரின் ஆட்களுக்கு. இந்த ஏற்பாட்டின் அவலத்தை அதற்குள் அமைச்சராக இருந்த கே. வி. ரெட்டி நாயுடு சொன்னதுபோல வேறு யாரும் சொல்லவில்லை. வளர்ச்சித் துறை அமைச்சர், ஆனால் காடுகள் அவரிடம் இல்லை. வேளாண்மை அமைச்சர், ஆனால் பாசனம் அவரிடம் இல்லை. தண்ணீரைத் தொடாமல் வயலைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன கதை.

இருந்தும் பிராமணர் அல்லாதாரின் கட்சியான நீதிக்கட்சியின் அமைச்சரவைகள் கையில் கிடைத்த அரைகுறைக் கருவியை வைத்தே வேலை செய்தன. 1921இல் பெண்களுக்கு வாக்கு, அதே ஆண்டில் அரசு வேலைகளை வகுப்புவாரியாகப் பகிரும் அரசாணை, பிறகு இந்து அறநிலையச் சட்டம். கட்சி என்ற ஒன்று உருவாகி, தேர்தலில் நின்று, வென்று, செய்து காட்டி, 1926இல் தோற்கவும் பழகியது. இலங்கையில் அந்தக் காலத்தில் இப்படி ஒரு கட்சி கிடையாது. டொனமூர் குழு இரட்டையாட்சியை வேண்டாம் என்றது. காரணம் புரிகிறது: பாதி அரசாங்கம் மக்களுக்கு, பாதி ஆளுநருக்கு என்றால் எது கெட்டாலும் மற்றப் பாதியைக் கைகாட்டலாம். அவர்கள் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில்தான் இந்தியாவின் ஆட்சிமுறையை ஆராய வந்த சைமன் ஆணைக்குழு பம்பாயில் வந்திறங்கிக் கறுப்புக் கொடிகளைச் சந்தித்தது. இரட்டையாட்சிக்குப் புதிய கிளை திறக்க அது நல்ல நேரமில்லை.

ஆனால் சென்னையில் அவர்கள் கூர்ந்து பார்த்திருக்க வேண்டிய இன்னொரு பொருள் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான்காவது, அவர்கள் எடுத்த வழி. 21 வயதான எல்லோருக்கும் வாக்கு. அறிக்கையில் பெண்களுக்கு 30 வயது என்றுதான் எழுதினார்கள். அதே 1928இல் இங்கிலாந்திலேயே பெண்களின் வயதெல்லை 21க்கு இறங்கியதால் இங்கும் இறக்க வேண்டியதாயிற்று. இதைக் கேட்டவர்கள் மிகச் சிலர்: ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பெண்களுக்குக் கேட்டது. அந்தச் சங்கத்தின் சார்பில் போன ஆக்னஸ் டி சில்வாவிடம் டொனமூர் பிரபு கேட்டாராம், தோட்டங்களில் கூலிவேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வேண்டுமா என்று. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றாராம் அவர். கொழும்பு வரவேற்பறைகளில் இருந்து வந்த ஒருவர் அந்த நேரத்தில் அதைச் சொன்னது சாதாரண விஷயமில்லை. அந்தத் தோட்டப் பெண்களுக்கு வாக்கைக் கொடுக்காமல் விடுவதற்காகவே ஆளுநர் ஸ்டான்லி காலத்தில் குடியிருப்பு, நிரந்தர வதிவுச் சான்றிதழ் என்று வேலி மேல் வேலி போட்டார்கள். அந்த வேலி போட்ட பிறகுதான் சிங்களத் தலைவர்கள் பலர் யாப்புக்குத் தலையாட்டினார்கள்.

இரண்டு லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 1931இல் பதினைந்து லட்சத்தைத் தாண்டியது. எழுத்தறியாதவர்களுக்காக வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய், தன் ஆளின் நிறப் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். ஐம்பது ரூபாய்க்காரர் பயந்த கலவரம் எதுவும் வரவில்லை. மறுவருடமே கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் இடைத்தேர்தலில் வென்று, புதிய யாப்பின் சபையான அரசாங்க சபைக்குப் போனார்.

சபைக்குள் வைத்த பொறியும் புதியது. அமைச்சரவைக்குப் பதிலாக ஏழு நிர்வாகக் குழுக்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு குழுவில் இருப்பார், குழு தன் தலைவரைத் தெரிவுசெய்யும், அவரே அமைச்சர். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பிரிவதற்குக் கட்சிகளே இல்லாத நாட்டுக்கு இது பொருத்தமாகப்பட்டது. ஒரு பாலம் வேண்டுமென்றால் அந்தத் தொகுதி உறுப்பினர் கேள்வி நேரம்வரை காத்திருக்க வேண்டாம். பாலத்தைப் பற்றி முடிவெடுக்கும் குழுவிலேயே உட்கார்ந்திருப்பார். பணப்பெட்டியை மட்டும் இங்கேயும் விடவில்லை. நிதி, சட்டம், பொதுச்சேவை மூன்றும் மூன்று வெள்ளை அதிகாரிகளிடம். இரட்டையாட்சியை வாசலால் அனுப்பி யன்னலால் எடுத்தார்கள் என்று சொன்னால் அதிகம் தப்பில்லை.

ஆனாலும் பலன் தெரிந்தது. கல்விக் குழுவின் தலைவராகக் கன்னங்கரா 1931இலிருந்து பதினாறு ஆண்டுகள் இருந்தார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கொடுத்த வாக்கு, அவர் பிள்ளைக்கு எழுத்தைக் கொண்டுவந்தது. முதல் வழியில் போயிருந்தால் இது எத்தனை பத்தாண்டு தள்ளியிருக்கும் என்று நினைக்கவே அலுப்பாக இருக்கிறது.

இதுவரை டொனமூர் பக்கம். இனி பொட்டலத்தின் மற்றப் பாதி.

எல்லோருக்கும் வாக்கு என்பதும், இனவாரி ஆசனத்தை அடியோடு எடுப்பது என்பதும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைச் செய்யாமலும் இருக்கலாம். ஆணைக்குழு இரண்டையும் ஒன்றாகச் செய்தது. எடுத்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. 50 பிரதேச ஆசனங்கள், எட்டு நியமனங்கள், அவ்வளவுதான். 1924இல் 23 பிரதேச ஆசனங்களில் வட மாகாணத்துக்கு ஐந்து இருந்தது. 1931இல் 50இலும் அதே ஐந்து. தலைக் கணக்குப்படி இதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் நேற்றுவரை இருந்த பாரம் ஒரே நாளில் பாதியாகிப்போனவருக்குத் தலைக் கணக்கு ஆறுதல் சொல்லாது.

1936இல் நடந்ததைப் பாருங்கள். முதல் அமைச்சர் சபையில் அட்டனில் தெரிவான பெரி சுந்தரம் தொழில் அமைச்சராகவும், மாக்கான் மாக்கார் போக்குவரத்து அமைச்சராகவும் இருந்தார்கள். இரண்டாவது சபையில் ஏழு அமைச்சரும் சிங்களவர். சட்டத்தை யாரும் மீறவில்லை. ஒரு குழுவுக்கு ஏறத்தாழ எட்டுப் பேர்; ஒவ்வொரு குழுவிலும் ஐந்து பேர் உங்கள் பக்கம் இருக்கும்படி ஆட்களைப் பிரித்துப்போட்டால் ஏழு தலைவர்களும் உங்கள் ஆட்கள். பள்ளிக்கூடக் கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியரான செ. சுந்தரலிங்கம், அதாவது ஒரு தமிழர், என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை வழங்கிவருகிறது. கணக்கு யார் போட்டிருந்தாலும், அப்படிப் போட இடம்வைத்தது யாப்பு.

இடையில் என்ன வைத்திருக்கலாம்? இங்கேதான் சென்னைக்குத் திரும்ப வேண்டும். அங்கே முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி. பிராமணர் அல்லாதாருக்கோ வேறு வகை: பல உறுப்பினர் தொகுதி, எல்லோரும் சேர்ந்தே வாக்களிப்பார்கள், ஆனால் குறித்த 28 ஆசனம் பிராமணர் அல்லாதாருக்கு என்று ஒதுக்கியிருக்கும். வேட்பாளர் எல்லோர் வீட்டுக்கும் போகவேண்டும், ஆசனமும் உறுதி. பெரும்பான்மையினரான அவர்களுக்கு அந்த ஒதுக்கீடு பிறகு தேவைப்படவில்லை, அது வேறு கதை. சிறுபான்மைக்கு, எல்லோருக்குமான வாக்கோடு சேர்த்து, இதே பொறியை இலங்கையில் வைத்திருந்தால்? ஒதுக்கீடே வேண்டாம் என்றாலும் பல உறுப்பினர் தொகுதி மட்டுமாவது? 1947இல் டொனமூர் யாப்புக்குப் பதிலாக வந்த சோல்பரி யாப்பு கொழும்பு மத்தி போன்ற சில இடங்களில் அதைச் செய்தது. பரப்பளவுக்கும் ஆசனம் கொடுத்து வடக்குக் கிழக்குக்குச் சற்று எடை கூட்டியது. பத்தொன்பது ஆண்டு கழித்து வந்த யோசனை. அதற்குள் கேள்வி ஐம்பதுக்கு ஐம்பது, அதாவது பாதி ஆசனம் சிறுபான்மையினருக்கு, என்ற இடத்துக்குப் போய்விட்டது.

சமஷ்டியும், அதாவது கூட்டாட்சியும், 1927இல் கேட்கப்பட்டது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. கேட்டவர்கள் கண்டிச் சிங்களவர். தமிழ்த் தலைவர்கள் அதில் அக்கறை காட்டவில்லை. ஆணைக்குழு மறுத்தது, கதை அங்கே தூங்கிப்போனது.

எங்கள் பக்கத் தவறையும் எழுதாவிட்டால் இது ஒப்பீடாகாது. இராமநாதன் பாதுகாப்பைக் கேட்டதோடு நிற்கவில்லை. எல்லோருக்கும் வாக்கு என்பதையே எதிர்த்தார். எண்பதை நெருங்கும் வயதில் 1930இல் லண்டன்வரை போய் வாதாடினார். அந்த ஆண்டு நவம்பரில் காலமானார். கள்ளிறக்குபவருக்கும் சலவைத் தொழிலாளிக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கும் வாக்கு வேண்டாம் என்று நிற்பவர், தன் இனத்துக்கு நீதி கேட்கும்போது லண்டனில் யார் காதுகொடுப்பார்கள்? அடுத்தது தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்ன யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ். அவர்களுடைய எதிர்ப்பு நேர் எதிரான காரணத்துக்காக: யாப்பு சுயராச்சியம் தரவில்லை என்று. இலட்சியம் பெரியது. விளைவு, 1931 ஜூனில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை நான்கு தொகுதியிலும் தேர்தல் இல்லை. தெற்கில் பகிஷ்கரிப்பு வரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. குழுக்களுக்குள் உட்கார்ந்தால்தான் பாலமும் பள்ளிக்கூடமும் கிடைக்கும் என்ற ஒரு யாப்பின் முதல் மூன்று ஆண்டுகள், அந்த நான்கு நாற்காலிகளும் காலியாக இருந்தன. 1934இல் தேர்தல் நடந்தபோதுதான் ஜி. ஜி. பொன்னம்பலம் பருத்தித்துறையிலிருந்து உள்ளே போனார்.

1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை இந்தப் பொட்டலத்தை ஏற்பதா என்று வாக்கெடுத்தது. 19க்கு 17. இரண்டே வாக்கு. வழிகளை இப்படிப் பரப்பிவைத்துப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்த மண்டபத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். ஐம்பது ரூபாய் ஏணிக்குக் கை தூக்க மாட்டேன். இனவாரித் தனித்தொகுதிக்கும், அரை அமைச்சருக்கும் மாட்டேன். எல்லோருக்கும் வாக்கு என்ற பக்கத்துக்குத் தூக்குவேன், தோட்டத்து வேலியைப் பிடுங்கச் சொல்லிவிட்டு. தூக்கும் முன் ஒரு திருத்தம் கொண்டுவருவேன்: வட்டாரங்களைப் பல உறுப்பினர் தொகுதியாக்கு, எந்த நிர்வாகக் குழுவும் ஒரே இனத்தின் கையில் போகாதபடி விதி எழுது. திருத்தம் தோற்றிருக்கும் என்று தெரியும். அப்படி ஒன்றை யாரும் கொண்டுவந்து தோற்கக்கூட இல்லை என்பதுதான் உறுத்துகிறது.